வலது பக்க ரிசீவர்

ஹார்விக் தோட்டம்,
கோல சிலாங்கூர்.
9.3.1986

அன்புள்ள கங்காவுக்கு,

நான் சுகம் என்றுதான் எழுத வேண்டும், எழுதுகிறேன். ரவாங்கில் நீயும் உன் அக்கா வள்ளியம்மாவும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? தைப்பூசத்துக்கு முன்பு போட்ட கடிதத்துக்குப் பதில் இல்லை. தொழிற்சாலையில் வேலை அதிகம் போலிருக்கிறது என்று நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

எண்ணெய் ஆலையில் இன்னும் அதே டர்பைன் இயந்திரத்தின் பக்கம்தான் எனக்கு வேலை. பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்தால் யாரோடும் பேசத் தெம்பில்லை. ரேடியோ மேசையில் உட்கார்ந்துவிடுகிறேன். உனக்குப் பிடிக்காத பேச்சு, தெரியும். என்னிடம் வேறு சேதி இல்லை.

ரேடியோ அலைக்கு இந்த வருஷம் வானம் சரியில்லை. என்னைப்போல் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் தூரத்து அமெச்சூர் ஆட்களின் குரல் ஒரு வாக்கியம் முடிவதற்குள் அமுங்கிப்போகிறது. அதனால் கிள்ளானில் இருக்கும் என் ரேடியோ கூட்டாளி ரெங்கசாமியிடம் இன்னொரு ரிசீவரை இரவல் வாங்கினேன். ஒரு ஏரியலைப் பலாமரம் வரை இழுத்துக் கட்டினேன். இன்னொன்றை அடுப்படிக்குப் பின்னால் நட்டு நிறுத்தினேன். இரண்டு ரிசீவரையும் ஒரே நிலையத்தில் வைத்து, ஹெட்போனில் ஒன்றை இடது காதுக்கும் மற்றதை வலது காதுக்கும் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் குரல் அமுங்கினால் மறுபக்கம் பெரும்பாலும் நிற்கும். இரண்டும் சேரும்போது ஆள் நம் தலைக்கு நடுவில் நின்று பேசுவதுபோல் இருக்குமாம்.

எனக்கு அப்படிக் கேட்கவே இல்லை. வலது பக்கம் செத்துக் கிடக்கிறது. வயரை மூன்று தடவை மாற்றிவிட்டேன்.

ஒரு வரியானாலும் எழுது.

வழி பார்த்திருக்கும்
முருகையா


ரவாங்
23.3.1986

அங்கே இருக்கும் உங்களுக்கு, கங்கா எழுதுவது.

ஒரு வரி கேட்டீர்கள். கொஞ்சம் கூடவே எழுதிவிடுகிறேன், இன்னொரு தடவை எழுதத் தெம்பு இருக்குமோ தெரியாது. எட்டு மணி நேரம் குனிந்து சின்னச் சின்னக் கம்பிகளுக்கு ஈயம் வைத்துவிட்டு வருகிறேன். கண் எரிகிறது. உங்கள் கடிதத்தைப் பிரித்தால் அதிலும் வயர்.

நான் ஏன் வந்துவிட்டேன் என்று நீங்கள் ஒரு கடிதத்திலும் கேட்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்கு நாலு மாதம். நீங்கள் ரேடியோ முன்னால் இருந்தீர்கள். கதவோரம் நின்று, "வயிறு வலிக்குதுங்க, கிளினிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று மூன்று தடவை சொன்னேன். நீங்கள் திரும்பவில்லை. நானே நடந்து போனேன். பிள்ளை தங்கவில்லை.

அதைக்கூட விதி என்று விட்டிருப்பேன். எல்லார் முன்னாலும், "இவ என்கிட்ட சொல்லவே இல்ல" என்றீர்களே, அந்தப் பொய்யைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஹெட்போனை ஒரு காதில்தான் வைத்திருந்தீர்கள். நான் நின்ற பக்கத்துக் காது திறந்திருந்தது. என் கண்ணால் பார்த்தேன்.

இனி ரேடியோ பற்றி எழுத வேண்டாம்.

கங்கா


ஹார்விக் தோட்டம்
20.4.1986

கங்கா,

ரேடியோ பற்றி எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள்.

போன ஞாயிறு சாயங்காலம் ரெங்கசாமி வந்தார். வலது பக்கம் கெட்டுவிட்டது, பாருங்கள் என்றேன். ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். பிரிஸ்பேனிலிருந்து ஒரு கிழவர் தன் ஊர் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரம்.

"ரெண்டும் நல்லாத்தான் இருக்கு லா. மனுஷன் நடு மண்டையில நின்னு பேசுறாரு."

"எனக்குக் கேக்கலையே."

"திருப்பிப் போட்டுப் பாத்தீங்களா?"

அவரே ஹெட்போனை இடம் வலம் மாற்றி என் தலையில் வைத்தார். செத்துவிட்டது என்று நான் நினைத்திருந்த ரிசீவர் இடது காதில் தெளிவாகப் பேசியது. வலது பக்கம் மறுபடியும் ஒன்றுமில்லை. ரெங்கசாமி ஹெட்போனின் வலது பக்க மூடியைத் தூக்கிவிட்டு, கைக்கடிகாரத்தைக் கழற்றி அந்தக் காதோரம் பிடித்தார். "கேக்குதா?" என்று அவர் கேட்டது வாயசைவில்தான் தெரிந்தது.

மறுநாள் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் பார்த்தார். "ஆலைச் சத்தமா இருக்கலாம், வேற எதுவாவும் இருக்கலாம். கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில காட்டுங்க" என்றார். மே பதினைந்து, வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். டர்பைன் எப்போதும் என் வலது கைப் பக்கம்தான். காது எப்போது போனதென்று தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறது.

அந்த நாட்களில் ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்தது உனக்காகத்தான். நீ கூப்பிட்டால் கேட்கட்டும் என்று வலது காதைத் திறந்து வைத்திருந்தேன்.

நான் பொய் சொல்லவில்லை கங்கா. பொய் சொல்லியிருந்தால்கூட இதைவிடத் தேவலை என்று இந்த வாரமெல்லாம் தோன்றுகிறது. நீ மூன்று தடவை சொன்னாய் என்பதே உன் கடிதம் பார்த்துத்தான் எனக்குத் தெரியும். திரும்பி வா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

முருகையா


ரவாங்
4.5.1986

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அக்காவிடமும் படித்துக் காட்டினேன். "அவரு பொய் சொல்லல அக்கா" என்றேன். அவள் துணியை மடித்து அடுக்கினாள்.

நம்புகிறேன். நானும் கதவோரத்திலிருந்தே சொன்னேன், கிட்ட வரவில்லை. வந்து பார்க்கட்டுமே என்று ஒரு வீம்பு இருந்தது எனக்கு.

ஆனாலும் கேளுங்கள். இரண்டு வருஷம் அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஷிப்டுக்குப் போனேன், வந்தேன், தூங்கினேன். இப்போது அதுவும் கையில் இல்லை. களைப்பு மட்டும்தான் இருக்கிறது. தோட்டத்துக்குத் திரும்பி வர எனக்குத் தோன்றவில்லை. இனி தோன்றுமா என்றும் தெரியவில்லை. அதை இப்போது கேட்காதீர்கள்.

பதினைந்தாம் தேதிக்கு லீவு சொல்லிவிட்டேன். டாக்டர் சொல்வதை முழுசாகக் கேட்டுக்கொள்ள உங்களோடு ஒரு ஆள் வேண்டும். காலை பத்து மணிக்குப் புடுராயா பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டர் பக்கம் நில்லுங்கள். ஆஸ்பத்திரி முடிந்ததும் நீங்கள் உங்கள் பஸ்ஸில், நான் என் பஸ்ஸில்.

அங்கே சத்தமும் கூட்டமுமாக இருக்கும். நான் கூப்பிட மாட்டேன். பக்கத்தில் வந்து உங்கள் தோளைத் தொடுகிறேன்.

கங்கா