சூப்பிரண்டு அம்மா பார்த்த பெண்

என் அன்பே,

போனில் சொன்னால் குரல் உடைந்துவிடும், அதனால் எழுதுகிறேன். எங்கள் குடிநீர் வாரிய அலுவலகத்தில் உன்னை என் தம்பி என்றுதானே சொல்லி வைத்திருக்கிறேன்? இன்று சூப்பிரண்டு அம்மா உனக்குப் பெண் பார்த்துவிட்டு வந்து நின்றார்.

அரசு ஊழியர் யாரோடு வாழ்கிறார் என்பதற்காக அவரை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று போன வாரம் உத்தரவு வந்ததே, அந்தத் தைரியத்தில் சொல்லிவிட்டேன்: “அவன் தம்பி இல்லம்மா. நானும் அவனும்தான் குடும்பம்.”

உடனே அவர், “அடப்பாவி, பொண்ணு வீட்டுக்கு நான் இப்ப என்னடா பதில் சொல்றது?” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பக்கத்து மேசைக்காரர் மட்டும் மதியம் என்னோடு சாப்பிட வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஊழியர் குடும்ப விருந்து. உனக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறார் சூப்பிரண்டு அம்மா. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வா.

உன்னவன்