சட்டைக் கடையில் ஓடிய குதிரை

லா சப்பல், பாரிஸ்
திங்கட்கிழமை, தேருக்கு அடுத்த நாள்

அன்பு மகள் ஹரிப்பிரியாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்பால் சுகம். நீயும் அந்த மழை நாட்டில் தடிமன் இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நேற்றுத் தேரில் வந்த பிள்ளையாரை நெரிசலுக்குள் நின்று கேட்டுக்கொண்டேன். உடம்பால் சுகம் என்று எழுதியிருக்கிறேன், கவனித்தாயா, மற்றச் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான், ஆனால் நீ எட்டு நாளாய் எடுக்கவில்லை, எடுத்தாலும் நான் முதல் வசனத்திலேயே ஏதாவது பகிடி விட்டுத் தப்பிவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். தமிழை எழுத்துக் கூட்டி வாசிக்க உனக்கு நேரம் எடுக்கும், அதுவும் நல்லதுதான், ஆறுதலாக வாசி.

அப்பா ஒவ்வொரு நாளும் ரெஸ்ரோறண்டால் வந்து சப்பாத்தைக் கழற்ற முதல், பிள்ளை எடுத்தவளோ என்று கேட்கிறார். அவளுக்கு வேலை கூடிப்போச்சு என்கிறேன். என் முகத்தை ஒருக்காப் பார்த்துவிட்டு வெங்காயம் வெட்டப் போய்விடுகிறார். நாள் முழுக்க வெங்காயம் வெட்டின மனிசன் வீட்டுக்கு வந்தும் வெட்டுகிறார் என்றால் அவருக்கு ஏதோ விளங்கிவிட்டது.

நடந்ததில் பாதி உனக்குத் தெரியும். மற்றப் பாதியையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முதல் நீ மிருக வைத்தியப் படிப்பை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு, எனக்குக் குதிரைக்குப் பக்கத்திலை நிக்க வேணும் அம்மா, மேசைக்குப் பக்கத்திலை இல்லை என்று அயர்லாந்துக்குப் போனாயே, அடுத்த கிழமையே நான் இங்கே உன்னை டொக்டர் ஆக்கிவிட்டேன். முதலில் ஒரு ஆளுக்குத்தான் சொன்னேன், நகைக்கடைச் சிவாஜினி அக்காவுக்கு, அவவின் தோளில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டு. அவவுக்குச் சொன்னால் பின்னேரத்துக்குள் கார் து நோர் ரயில் ஸ்ரேசன் வரைக்கும் போய்விடும் என்று தெரிந்துதான் சொன்னேன். பிறகு சும்மா இருந்தேனா, உனக்கு வெள்ளைக் கோட்டுப் போட்டேன், தனி அறை கொடுத்தேன், உன்னைக் கேட்காமலே இரண்டு தரம் பதவி உயர்த்தினேன். போன் கடைக்குப் பின்னால் ஒன்பது சதுர மீற்றரில் சாறிச் சட்டை தைத்துக்கொண்டு ஊருக்குப் போன் எடுத்தால் நான் டிசைனர் என்று சொல்கிறவள்தானே உன் அம்மா, உன்னை மட்டும் விட்டுவைப்பேனா.

அந்த ஞாயிற்றுக்கிழமை, தேருக்கு ஒரு கிழமை இருக்க, கடையில் கால் வைக்க இடமில்லை. சட்டை முடியவில்லை என்று ஆறு பேர் பொத்தானுக்கும் கொக்கிக்கும் காவல் இருந்தார்கள். எனக்குத் தைக்க உதவிக்கு நிற்கிற பேர்ளி ஒரு மெசினில், நான் மற்றதில். நீ லிங்க் அனுப்பி, மூண்டு மணிக்குப் பாருங்கோ அம்மா, என்ரை குட்டி போட்டியிலை நிக்குது என்று எழுதியிருந்தாய். காத்திருக்கிற சனத்தைச் சமாளிக்க இது நல்ல வழி என்று நினைத்து, பேர்ளியைக் கொண்டு போனை அப்படியே சுவர் ரீவியில் தெரியப் பண்ணினேன். டொக்டரின் அம்மா என்று கொஞ்சம் நிமிர்ந்தும் இருந்தேன், பொய் சொல்ல மாட்டேன், இந்தக் கடிதத்தில் மட்டுமாவது.

முதலில் ஏலம் நடந்தது. குதிரை ஒன்றையும் காணவில்லை, படம்தான் வந்தது, விலையோ ஏறிக்கொண்டே போனது. என்னத்தையடி உவை விக்கினம் என்று சிவாஜினி அக்கா கேட்டா. நீ முந்தி விளங்கப்படுத்தினதை வைத்து நான் சொன்னேன், பொலிகுதிரை வைத்திருக்கிற ஆட்கள் தங்கள் குதிரையோடு ஒரு தரம் சேர்க்கிறதைத் தானமாகக் கொடுக்கினம், பெண்குதிரை வைத்திருக்கிற ஆட்கள் அதை ஏலத்தில் எடுக்கினம், அந்தக் காசுதான் இளங்குதிரைகளுக்குப் பரிசாகப் போகிறது, கோயிலிலை ஒருத்தர் குடுத்த மாம்பழத்தை இன்னொருத்தர் ஏலத்திலை எடுக்க காசு கோயிலுக்குப் போறேல்லையோ, அப்பிடித்தான் என்று. கடை சிரித்த சிரிப்பில் போன் கடைப் பெடியன்கள் எட்டிப் பார்த்தார்கள். ஆனால் மாம்பழம் என்றதும் சிவாஜினி அக்காவுக்கு ஏலப்பேய் பிடித்துவிட்டது. ஒரு கறுப்புக் குதிரை ஆயிரத்து இருநூறில் நிற்க, விடாதேங்கோ, ஏத்துங்கோ என்று ரீவியைப் பார்த்துக் கத்தினா. தகப்பன் பேர், பாட்டன் பேர், உயரம் எல்லாம் போட்டிருக்கிறதைப் பார்த்து, எங்கடை கலியாணப் புரோக்கர் இவ்வளவு விபரம் தாறேல்லை, சாதகம் ஒண்டுதான் குறை என்றா. எனக்கும் நல்ல புழுகமும் சந்தோசமுமாக இருந்தது.

பிறகு குட்டிகள் வந்தன. நாலாவதாக நீ. முழங்கால் வரைக்கும் சேறு, தலையில் தொப்பி, குட்டியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் ஓடுகிறாய். வெள்ளைக் கோட்டு எங்கே. சிவாஜினி அக்கா கண்ணாடியை மாற்றிப் போட்டா, உது ஹரிப்பிரியா போலக் கிடக்கு என்றா. என்னென்று வாயில் வந்ததோ தெரியாது, சீ, அவள் உள்ளுக்கை தன்ரை அறையிலை இருப்பாள் என்று சொல்லிக்கொண்டே வீடியோவை மாற்றி ஒரு சமையல் நிகழ்ச்சியைப் போட்டுவிட்டேன். உன் குட்டி ஓடி முடிக்கிறதைக்கூட நான் பார்க்கவில்லை.

அரை மணித்தியாலத்தில் நீ வீடியோவில் எடுத்தாய். போன் ரீவியோடு சேர்ந்திருக்கிறது என்ற நினைப்பே இல்லாமல் எடுத்துவிட்டேன். சுவர் முழுக்க உன் முகம், சேறு, சிவப்பு றிபன், பக்கத்தில் குதிரையின் பெரிய மூக்கு. அம்மா, முதலாவது, பாத்தனீங்களோ என்று கத்தினாய். கடைக்குச் சனம் வந்திருக்கு, பிறகு எடு என்று போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அப்போதுதான் சொன்னேன், அது என்ரை மகளுக்குக் கீழை வேலை செய்யிற பெட்டை, பாவம், பாசத்திலை என்னையும் அம்மா எண்டு கூப்பிடுறவள். சொல்லிவிட்டு நிமிர்ந்தால் சுவரில் கறுப்பு, ஆனால் மூலையில் நிமிடம் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் கவிழ்த்துத்தான் வைத்தேன், வெட்டவில்லை. குதிரை மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு நீதான் வெட்டினாய்.

பிள்ளை, இதுக்கு ஒரு பகிடியும் எனக்கு வரவில்லை. எட்டு நாளாய்த் தேடிப் பார்த்துவிட்டேன்.

தேருக்கு முதல் நாள் சிவாஜினி அக்கா சட்டை எடுக்க வந்தா, அன்றைக்கு இருந்தவர்களில் இன்னும் மூன்று பேரும் வந்திருந்தார்கள். கத்தரிக்கோலை வைத்துவிட்டுச் சொன்னேன், அண்டைக்கு ரீவியிலை வந்தது என்ரை பிள்ளைதான், அவள் டொக்டர் இல்லை, குதிரை வளர்க்கிறாள், தாயில்லாக் குட்டிக்குப் போத்தலிலை பால் குடுத்து வளத்தவள், டொக்டர் ஆக்கினது நான் என்று. சிவாஜினி அக்கா சட்டையை உதறிப் பார்த்துக்கொண்டே, எங்களுக்கு மூண்டு வருசமாத் தெரியுமடி என்றா. அவவின் மகன் லவன் உன் படங்களைப் போனில் பார்க்கிறானாம், குதிரை லாயம் கூட்டுகிற படமும் உண்டாம். பிறகேன் கேட்டுக்கொண்டிருந்தனீங்கள் என்றேன். உன்ரை அளவு பிழைச்சாலும் கதை பிழைக்காது, அதுக்குத்தானே இஞ்சை வாறனாங்கள், ஆனா பெத்த பிள்ளையை வேலைக்காரி எண்டாய் பார், அதுக்கு எங்களுக்குச் சிரிப்பு வரேல்லை என்றா. நான் மறைத்ததாக நினைத்ததை எல்லாருமாகச் சேர்ந்து மூன்று வருடம் எனக்காக மறைத்திருக்கிறார்கள், அதை நம்பினது நான் ஒருத்திதான்.

பேர்ளி எழும்பிப் போய் அந்தப் போட்டியின் பதிவைத் தேடி எடுத்து ரீவியில் போட்டாள். அக்கா, இப்ப முழுக்கப் பாருங்கோ என்றாள். நீ ஓடினது, குட்டி உன் தோளில் மூக்கை வைத்தது, நடுவர் தொப்பியைத் தூக்கினது எல்லாம் பார்த்தேன். பிறகு ஒலிபெருக்கியில் முதலாம் பரிசுக் குட்டியின் பேரைச் சொன்னார்கள். வெள்ளைக்காரன் வாயில் அது நெளிந்துதான் வந்தது, ஆனால் கீழே எழுத்திலும் போட்டிருந்தார்கள். கோசலை. என் பேர். குட்டிக்குப் பேர் வைக்கிற உரிமையை உன் பண்ணை முதலாளி உனக்குத் தந்தாராம், நீ என் பேரை வைத்திருக்கிறாய், இரண்டு வருடமாக எனக்குச் சொல்லாமல், அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கேட்கட்டும் என்று. நடுவர் நடை நல்லது, கால் உறுதி, தலையைத்தான் தேவைக்கு மேலே தூக்குது என்றார். கடையில் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை, நான்தான் சிரித்தேன், பிறகு மெசினுக்கு மேலே கவிழ்ந்துவிட்டேன், சிவாஜினி அக்காவின் மற்றச் சட்டையின் கை முழுக்க ஈரம்.

இன்றைக்கு அப்பாவுக்கு எல்லாம் சொன்னேன். ஏசவில்லை. குதிரையின்ரை படம் இருக்கோ என்று மட்டும் கேட்டார். இப்போது அது அவர் போனில் இருக்கிறது, சமையலறையில் எல்லாருக்கும் காட்டப் போகிறாராம், பேரையும் சொல்லித்தான்.

மன்னிப்பைக் கேட்டு உன்னைக் கஷ்டப்படுத்த மாட்டேன், அது உனக்கு வருகிற நேரம் வரட்டும், வராவிட்டாலும் நியாயம்தான். குளிர் வரப் போகிறது. அந்தக் குட்டிக்கு முதுகில் போட நான் ஒரு போர்வை தைக்கப் போகிறேன், உள்ளே கம்பளி, வெளியே தண்ணி பிடிக்காத துணி, ஓரத்தில் பேர். குதிரைக்கு எங்கே அளவு எடுக்கிறது என்று எனக்குத் தெரியாது. கடிதம் வேண்டாம், போன் வேண்டாம், நெஞ்சில் இருந்து வால் வரைக்கும் எத்தனை சென்ரிமீற்றர் என்று அந்த இலக்கத்தை மட்டும் அனுப்பு, பிள்ளை. அது வந்தால் எனக்குப் போதும்.

குதிரைக்குப் பின்னால் நிற்காதே. ஈரக் காலுறையோடு படுக்காதே. பிள்ளையார் உன்னையும் உன் குட்டியையும் நோய்நொடி இல்லாமல் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
இரண்டு கால் கோசலை