கணவாயில் மிஞ்சிய மூங்கில்

ஏழு பனிமலைகளையும் ஒரு குடைக்கீழ் காக்கும் வேய்நாட்டு வேந்தர் விறல்வேள் பெருமான் திருமுன்புக்கு, மேல்மலை வனக்காவலராயிருந்து மறைந்த நெடியோனாரின் மனைவி செங்கோதை வணங்கி எழுதும் ஓலை. தலைநகரில் மழை தவறாதிருக்க. இளவரசியார் திருமணம் இனிதே நிறைவேறுக.

மறைந்த அன்று காலை நெடியோனார் செருப்பின் வாரைத் தைத்தபடியே கஞ்சி குடித்தார். உப்புக் கூடிவிட்டது என்றார். என்னிடம் அவர் கடைசியாகச் சொன்னது அதுதான்.

நடந்ததை நினைவிலிருந்து எழுதுகிறேன். மூங்கிலை உண்டே உயிர்வாழும் கருவெள்ளைக் கரடிகள் அரசுடைமை. அவை மேல்மலையை விட்டு நீங்கலாகாது என்பது முன்னோர் ஆணை. ஆதலால் அவை கணவாய்ப் பக்கம் இறங்கினால் முரசறைந்து மேலே திருப்புவோம். சென்ற ஆண்டு மேல்மலை மூங்கில் முழுதும் ஒருசேரப் பூத்துக் காய்ந்தது. கணவாய்க்கு அப்பால் கீழ்மலையில் வேறு வகை மூங்கில் பச்சையாக நிற்க, கரடிகள் நாள்தோறும் இறங்கின. அவற்றை இழந்துவிடுவோமே என்ற அன்பினால் நாங்கள் இன்னும் உரக்க அறைந்தோம். கீழ்மலையில் இவற்றுக்கு மாமியார் வீடா இருக்கிறது என்று முரசுத் தலைவர் கேலி பேசினார், நானும் சிரித்தேன்.

பதினான்கு கரடிகள் செத்தன. ஒன்றின் வயிற்றைத் திறந்து பார்த்த நெடியோனார், உள்ளே மண்ணும் மரப்பட்டையுமே இருக்கக் கண்டு, முரசின் தோலைத் தம் கையாலேயே கிழித்தார்.

கணவாயின் இருபுறமும் வயலாகிவிட்டபடியால், நடுவில் நாற்பது அடி அகல மூங்கில் மட்டுமே மிஞ்சியிருந்தது. மறைவில்லாத வெளியில் கரடி நடக்காது. அந்த மூங்கிலைத்தான் திருமணப் பந்தலுக்கு வெட்ட ஆணை வந்தது. தடுக்கப் போன நெடியோனார்மேல், முன்பே வெட்டி மொட்டையாக்கிய சரிவு மழையில் இடிந்து விழுந்தது. வெட்ட வந்தவர்களே அவரைத் தோண்டி எடுத்தார்கள்; அழுதார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை.

புதிய காவலர் வரும்வரை முத்திரை பழைய காவலரின் வீட்டிலேயே இருக்கும். மனைவி சொல்லே ஆணையாகும். இது மலை வழக்கம். அம்முத்திரையால் மற்ற முரசுகளையும் நிறுத்தினேன். வெட்டுவோரைப் பௌர்ணமிவரை நிறுத்தியிருக்கிறேன். அன்று புதிய காவலர் வருகிறார்; அதற்குமேல் என் சொல் செல்லாது. ஒரு தாய்க்கரடியும் அதன் குட்டியும் மட்டுமே உயிரோடுள்ளன. நேற்று அவை கணவாயின் வாயிலில் வெகுநேரம் நின்று, மனம் துணியாமல் திரும்பிப்போயின.

வேந்தர் வெட்டாணையை மீட்டருள வேண்டும். பந்தலுக்கு மூங்கில் குறையுமாயின் எங்கள் வீட்டுக் கூரையைப் பிரித்து அனுப்புகிறேன். ஒருத்திக்கு அவ்வளவு கூரை வேண்டியதில்லை. இதில் பிழையிருப்பின் தண்டம் என்னைச் சேர்க, மறைந்தவரைச் சேரற்க.

மேல்மலை முத்திரை இட்டேன். வழியில் எங்கும் தங்காது வேந்தர் கையிலேயே சேர்ப்பிக்க வேண்டும் என்பது ஓலை கொண்டுவரும் முரசுத் தலைவருக்கு என் ஆணை.

கணவாயில் பனி, எப்போதும்போல, உச்சிப்பொழுதில்தான் விலகுகிறது.