அவசரத்துக்கு யாருக்கு அறிவிப்பது

ஸ்காபரோ
8.11.1998

அன்பின் நளாயினிக்கு,

நான் சுகம். வெள்ளவத்தையில் புது லொட்ஜ் அறைக்குக் காற்று வருகிறதா? பிள்ளையின் இருமல் நின்றுவிட்டதா?

பயப்படாமல் வாசியும். போன மாதம் பக்டரியில் தகடு வெட்டும் மெசின் என் இடது பெருவிரலைக் கீறிவிட்டது. மூன்று தையல்தான், அதுவும் வெட்டியாயிற்று.

விபத்துக் கடதாசிகளை எல்லாம் இப்போது கொம்பியூட்டரில் ஏற்றுகிறார்கள். அதே மெசினில் இது ஐந்தாவது காயம் என்று அது காட்டிவிட்டது. மறுநாளே வெட்டும் கத்திக்குத் தகட்டு மறைப்புப் போட்டார்கள். கடதாசிகள் பைல்களில் கிடந்த காலத்தில் இது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

ஆனால் நானும் பிடிபட்டேன். பக்டரிப் படிவத்தில் அவசரத்துக்கு யாருக்கு அறிவிப்பது என்ற இடத்தில், என்னோடு வேலை செய்யும் தயாபரனின் பெயரை எழுதியிருந்தேன். அவன் என்னுடைய பெயரை எழுதியிருந்தான். இங்கே வேறு யாரை எழுத? பதிவு செய்யும் நிரூபா சிரித்தாள்.

"ரெண்டு பேரும் ஒரே மெசினிலை நிக்கிறியள். ஒண்டாய் ஏதும் நடந்தா நான் ஆருக்கு அண்ணை சொல்லுறது?"

அந்தக் கட்டத்தை நிரப்பாமல் கொம்பியூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாதாம். உம்முடைய பெயரைச் சொன்னேன். லொட்ஜ் ரெலிபோன் நம்பரை உடனே எழுதி அனுப்பும். நாடு என்ற இடத்தில் இலங்கை என்று அடித்தாள். உமக்கு விசா கிடைத்து இங்கே வந்ததும் அதைக் கனடா என்று மாற்ற ஒரு நிமிடம் போதுமாம்.

பஸ் வருகிறது.

உம்முடைய
சிவநேசன்