கொடிமரத்துச் சந்தனம்

தாராவி, 15.8.1966

செண்பகவல்லிக்கு பிரம்மநாயகம் எழுதுவது. நான் சுகம். உன் பல்வலி தேவலையா? அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறாளா?

இன்று பட்டறையில் சுதந்திர தினக் கொடியேற்றம். கம்பம் நடும் வேலை எனக்கு. நம் கோயில் கொடிமரத்துக்குச் செய்கிறமாதிரி சந்தனம் பூசி, மாவிலை கட்டினேன். மேஸ்திரி கணேசபாண்டியன் அண்ணாச்சிக்குக் கோபம்.

“ஏல, இது எல்லாருக்கும் பொதுக்கொடி. நீ கோயிலாக்கிட்டா மத்தவன் எங்க நிப்பான்?” என்றார்.

நியாயம்தான், துடைத்துவிட்டேன்.

பேடா தின்றதும் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள், அண்ணாச்சியும். சாயங்காலம் மழை பிடித்தபோது கொடியை யாரும் நினைக்கவில்லை. நான் நனைந்துகொண்டே போய் இறக்கிவந்தேன். லேசான தும்மல்தான், பயப்படாதே. சுக்கு மட்டும் கொஞ்சம் அனுப்பு.

கொடி என் அறைக் கயிற்றில் காய்கிறது. அண்ணாச்சி ஏசினாலும் சரி, அதன் பக்கம் கால் நீட்ட மனசு வரவில்லை. இன்று முடங்கித்தான் படுக்க வேண்டும்.

பிரம்மநாயகம்