இரண்டாவது பிடி

முத்தையாபுரம்,
கார்த்திகை மாதம், ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அத்தானுக்கு,

செல்லக்கனி எழுதிக்கொள்வது. பத்திரகாளியம்மன் புண்ணியத்தில் நான் இங்கே சுகமாக இருக்கிறேன். பானுப்ரியா விடுதியில் நன்றாகப் படிக்கிறாள். சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருக்கிறது என்பதைத் தவிர நம் மகளுக்கு வேறு குறை இல்லை. மஸ்கட்டில் நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டு, முட்டுவலி இல்லாமல் இருக்க வேண்டும்.

தினமும் போனில் பேசிக்கொண்டு, கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் பேச விட்டால்தானே? ஊர்ப் பேச்சை எடுத்தாலே "கடையில ஆள் நிக்கி, பொறவு பேசுதேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். நான் வாய் திறக்கும்போது மட்டும் ஆள் வருகிற கடை உலகத்திலேயே உங்கள் முதலாளியின் கடை ஒன்றுதான். தன் தங்கை ஜாஸ்லின் கல்யாணத்துக்கு வந்திருந்த உங்கள் கடை ஜாக்சன் நாளைக்கு மஸ்கட் திரும்புகிறான். அவன் கையில் இதையும் கொஞ்சம் சில்லுக்கருப்பட்டியும் கொடுத்துவிடுகிறேன். வழியில் அவன் பொட்டலத்தைப் பிரிக்காமல் இருந்தால் அது உங்கள் பாக்கியம்.

இங்கே மழை பிடித்துவிட்டது. உப்பளத்துப் பாத்தியெல்லாம் தண்ணீர் நிற்கிறது. இனித் தை பிறந்தால்தான் அங்கே கூலி வேலை. கஷ்டப்படுகிற வீடுகளுக்கு உதவுகிற நம் ஊர்ச் சங்கத்துக்கு வருடத்தில் இதுதான் கை கொள்ளாத காலம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடைக்காரர்கள் அன்றாட வியாபாரத்தில் மகமை என்று எடுத்து வைப்பது முன்போல் இல்லை. ஜனங்கள் உப்பு, புளியைக்கூட செல்போனில் வாங்கினால் கடையில் ஏது வியாபாரம், மகமை உண்டியலில் ஏது காசு? ஆனாலும் அம்மன் கோயில் கொடையன்று சாமி பாதத்து எலுமிச்சம்பழத்தை ஏலம் விட்டபோது சொரிமுத்து மச்சானும் மாரிராஜும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு வீம்புக்கு ஏற்றிக் கேட்டார்கள். அந்த ஒரு பழத்தில் ஒரு பிள்ளையின் காலேஜ் பீஸ் வந்துவிட்டது. சொரிமுத்து மச்சான் பழத்தோடு வீட்டுக்குப் போனதும் அக்கா என்ன சொன்னாள் என்பதை எழுதினால் தாள் போதாது.

மாதா மாதம் சங்கத்துக்குப் பணம் வருகிறது. தலைவர் வன்னியபெருமாள் அண்ணாச்சி கூட்டத்தில் எழுந்து "வெளிநாட்டிலிருந்து பெயர் சொல்ல விரும்பாத ஓர் அன்பர்" என்று வாசிப்பார். உடனே மண்டபம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்க்கும். பெயர் சொல்லியிருந்தால்கூட இத்தனை பேர் பார்த்திருக்க மாட்டார்கள்.

நீங்கள் போன பிறகு பெண்களாகச் சேர்ந்து பிடியரிசி தொடங்கியதை அரைகுறையாகத்தான் கேட்டிருப்பீர்கள். உலை வைக்கும்போதெல்லாம், அந்த வீட்டில் சாப்பிடுகிற ஆளுக்கு ஒரு பிடி வீதம் டப்பாவில் போட வேண்டும். சனிக்கிழமை சாக்குப் பையோடு ஒரு ஆள் வீடு வீடாக வரும். மழைக்காலத்தில் உப்பள வேலைக்காரர்கள் வீட்டுக்குத்தான் அந்த அரிசி போகிறது. மேசை கிடையாது, கார்டு கிடையாது, வரிசை கிடையாது. வாங்குகிற ஆளேதான் கொடுக்கவும் செய்கிறது. எல்லா வீட்டுக்குள்ளும் பையோடு நுழைந்து பையோடு வெளியே வரும். தெருவில் நின்று பார்க்கிறவர்களுக்கு, எந்த வீடு அரிசி கொடுத்தது, எந்த வீடு வாங்கியது என்று தெரியவே தெரியாது. இந்த யோசனையைச் சொன்னதும் உப்பள வேலைக்குப் போகிற சுடலைச்செல்வி, பையைத் தூக்கிக்கொண்டு வருவதும் அவள்தான்.

அவள் பெயரைப் பார்த்ததும் கடிதத்தை மடித்திருப்பீர்கள். பிரியுங்கள் அத்தான்.

அந்த மார்கழி வெள்ளத்தைப் பற்றி நாம் இரண்டு பேரும் இதுவரை பேசியதே இல்லை. அப்போது நீங்கள் சங்கத்துச் செயலாளர். நம் கடைச் சரக்கெல்லாம் சேற்றில் கிடக்க, அந்தப் பக்கமே போகாமல் மண்டப வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து, ரேஷன் கார்டைப் பார்த்து வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி கொடுத்தீர்கள். காலையில் வாங்கிப்போன சுடலைச்செல்வி சாயங்காலம் வேறொரு கார்டோடு வரிசையில் வந்தாள். ஆளைப் பார்க்காமல் சங்கத்துப் பையன்கள் மூட்டையை அவள் தலையில் ஏற்றிவிட்டார்கள். நீங்கள் பார்த்துவிட்டீர்கள். "ஏளா, ஒரு வீட்டுக்கு ரெண்டு மூடையா? வெள்ளம் ஒனக்கு மட்டுந்தான் வந்துச்சோ?" என்று கேட்டீர்கள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டாள். மறுநாள்தான் தெரிந்தது, அந்தக் கார்டு கால் ஒடிந்து, வெள்ளத்துக்கு ஒதுங்கிய பள்ளிக்கூடத்தில் படுத்துக் கிடந்த பிலோமி அக்காவுடையது என்று.

பிலோமி அக்காவுக்கு நீங்களே மூட்டையைச் சுமந்துகொண்டு போனீர்கள். சுடலைச்செல்வி வீட்டு முக்கு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தீர்கள். அதையும் நான் பார்த்தேன். அடுத்த வாரம் உண்டியல் சாவியை அண்ணாச்சியிடம் ஒப்படைத்தீர்கள். கடையில் நஷ்டம் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு விமானம் ஏறினீர்கள். ஊர் நம்பியதோ என்னவோ, நான் நம்பவில்லை. நஷ்டத்துக்குப் பயப்படுகிற ஆளையா நான் கட்டிக்கொண்டேன்?

இப்போது நான் செய்த கூத்தைக் கேளுங்கள். ஐப்பசிக் கடைசியில் ஒரு நாள், கைப்பழக்கத்தில் உங்களுக்கும் சேர்த்து உலை வைத்துவிட்டேன். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மறுநாளிலிருந்து டப்பாவில் என் பிடியோடு உங்கள் பேரிலும் ஒரு பிடி போட ஆரம்பித்தேன். உங்களுக்குச் சோறு ஆக்கத்தான் எனக்குக் கொடுத்து வைக்கவில்லை, உங்கள் பங்காவது யார் வயிற்றுக்காவது போகட்டும் என்று ஒரு ஆறுதல். உங்கள் கை பெரிது அல்லவா, அதனால் தாராளமாகவே அள்ளினேன்.

சுடலைச்செல்விக்கு டப்பாவைத் தூக்கினாலே போதும், எந்த வீட்டுக்கு மருமகன் வந்திருக்கிறான், எந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் தனித்தனி உலை என்று சொல்லிவிடுவாள். போன சனிக்கிழமை நம் வீட்டு டப்பாவைத் தூக்கினாள். என் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நீங்கள் வந்துவிட்டீர்கள், வெளியே தலை காட்டக் கூச்சப்பட்டு வீட்டுக்குள் இருக்கிறீர்கள் என்று அவளாகவே முடிவு கட்டியிருக்கிறாள். அத்தோடு விட்டாளா, அண்ணாச்சி காதிலும் போட்டுவிட்டாள்.

மறுநாள் காலையில் வாசல் தெளித்துக்கொண்டிருக்கிறேன், அண்ணாச்சி வெள்ளை வேட்டியில், கையில் உண்டியல் சாவியோடு வந்து நிற்கிறார். "பாண்டியராஜன் முழிச்சிட்டானா? எழுப்பாண்டாம்மா, நான் இருக்கேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நீங்கள் வரவில்லை என்றேன். என்னிடமே மறைக்கிறாயா என்று கோபித்துக்கொண்டார். பிறகு அறைப் பக்கம் திரும்பி, "ஏலே, வெளிய வாலே, ஒன்ன யாரும் கடிச்சுத் தின்ன மாட்டாவ" என்று ஒரு சத்தம் போட்டார். அறைக்குள்ளிருந்து பூனைதான் வந்தது. அப்போதும் அவர் முழு மனதாக நம்பவில்லை. காபி குடிக்கிற சாக்கில் கட்டிலுக்கு அடியிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனார்.

அவர் படியிறங்கும்போதே சுடலைச்செல்வி தூக்குவாளியோடு ஏறி வந்தாள். நெத்திலிக் குழம்பு. உங்களுக்குப் பிடிக்கும் என்று யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். நீங்கள் வரவில்லை என்று அவளிடமும் சொன்னேன். தூக்குவாளியை அடுக்களையில் வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"மதினி, ஒங்க வீட்டு அண்ணாச்சி அன்னைக்குச் சொன்னது எனக்கு அன்னைக்கே போயிட்டு. அவிய ஊர விட்டுப் போனதுதான் போவ மாட்டேங்கி. கொழாயடிக்குப் போனாலும் அளத்துக்குப் போனாலும், இவளாலதான் ஒரு மனுசன் கடைய மூடிட்டுப் போனான்னு என் காதுபடப் பேசுதாளுவ. நான் என்ன மதினி செஞ்சேன்? மூடைய எறக்கி வச்சிட்டு வந்தேன், அம்புட்டுத்தானே? அவிய அனுப்புத காசு வருது, ஆள் வரலியே" என்றாள். அவள் பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். இனிமேல் உங்கள் பேரில் அரிசி எடுக்க வேண்டாம் என்றாள். ஆள் இல்லாத இடத்தில் அவர் பேரைச் சொல்லி அரிசி அள்ளுவது சாவு வீட்டில் அள்ளுவது மாதிரி இருக்கிறதாம். அன்றோடு நிறுத்திவிட்டேன்.

அத்தான், வெட்கத்தை நீங்கள் கடல் தாண்டிக் கொண்டுபோய்விட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது இங்கேயே அவள் தலையில்தான் இருக்கிறது. வரிசையில் வைத்து நீங்கள் கேட்டது ஒரு நாள் பேச்சு. நீங்கள் வராமல் இருப்பது அவளுக்கு நித்தமும் பேச்சாக இருக்கிறது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? நீங்கள் அவள் வாசலில் போய் நின்றால் மூடும். மன்னிப்பு என்று பெரிய வார்த்தையெல்லாம் வேண்டாம். நாலு பேர் பார்க்க "நல்லாயிருக்கியாளா" என்று கேட்டால் போதும். அந்த முக்கிலிருந்து அவள் வீடு பத்தடி தூரம்கூட இல்லை.

லீவு கிடைக்கவில்லை என்று நீங்கள் இரண்டு வருடமாகச் சொல்லி வருவதை நான் நம்பிக்கொண்டிருந்தேன். நீங்கள் கேட்கவே இல்லை என்று ஜாக்சன் சொல்லிவிட்டான். அவனைத் திட்டாதீர்கள். நான் விரட்டி விரட்டிக் கேட்டதில் பாவம் உளறிவிட்டான். இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே முதலாளியிடம் கேளுங்கள். உப்பளம் திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம், பொங்கல் வரைக்கும் வேண்டாம். அண்ணாச்சி சாவியை மறுபடி உங்களிடம் நீட்டுவார். வாங்குவதும் வாங்காததும் உங்கள் இஷ்டம், அதில் நான் தலையிட மாட்டேன்.

சுடலைச்செல்விக்காக வாருங்கள் என்றுதான் இவ்வளவு தூரம் எழுதிக்கொண்டு வந்தேன். அது நிஜம்தான். ஆனால் அவள் விஷயம் இல்லாவிட்டாலும் இந்தக் கடிதத்தை என்றைக்காவது எழுதியிருப்பேன். கல்யாணமான நாளிலிருந்து எனக்கென்று உங்களிடம் வாய்விட்டு எதையும் கேட்டதில்லை. கேட்கும் முன்பே வாங்கி வந்துவிடுவீர்கள், நான் என்ன செய்ய? இப்போது கேட்கிறேன், வாருங்கள். அண்ணாச்சி அறையைப் பார்த்து உங்களைக் கூப்பிட்டாரே, அப்போது நீங்கள் அங்கே இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் நான். நானும் அவரோடு சேர்ந்து அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தேன், அத்தான்.

அம்மன் உங்களுக்கு வழித்துணையாக வந்து வீடு சேர்க்கட்டும்.

உங்கள் வரவை எதிர்பார்த்திருக்கும்,
செல்லக்கனி