நனையாத ஷூ

ரிப்போர்ட் வந்துவிட்டது என்று அன்று மாலை நான் உன்னிடம் சொல்லவில்லை, அம்மா. “மேல என்னடீ பாத்த?” என்று கேட்டாய். “பனி” என்றேன்.

இன்று பரணைச் சுத்தம் செய்தபோது அந்த மலை ஷூக்கள் கையில் அகப்பட்டன. பெங்களூர் ஈஜிபுராவின் இத்தனை மழைக்குப் பிறகும் உள்ளே தேவதாரு விறகின் புகை மணக்கிறது. தினமும் அவற்றை அடுப்போரம் காயவைத்தது நீதான். மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பரண் பாதியில் கிடக்கிறது.

உன் கழுத்துக் கட்டியிலிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். டிக்கெட்டை ரத்து செய்துவிடலாம் என்றேன். “இங்க உக்காந்து நகத்த கடிக்கறதுக்கு அங்க போயி குளிர்ல நடுங்கலாம். சும்மா கெளம்பு” என்றாய். ரிப்போர்ட்டை வாங்கி போனில் சொல்வதாகத் தம்பி ஒப்புக்கொண்டான்.

இமயமலையில் ஒரு சிறு கிராமம், அதில் ஒரு வீடு, அதில் நமக்கு ஓர் அறை. அங்கேயே தங்கிக்கொண்டு, நாளுக்கொரு பாதையில் ஏறி, இருட்டுமுன் திரும்பிவிடுவது என் திட்டம். நீ வீட்டில் இருப்பாய். “வைட்ஃபீல்டுக்கு வேலைக்குப் போறாப்ல மலைக்குப் போறா பாரு” என்று சிரித்தபடி டிபன் பாக்ஸில் புளிச்சோறு கட்டித் தந்தாய். பனியில் நனைந்த ஷூவோடு நான் திரும்பினால், “ஐயே, நாத்தம் அடிக்கும்” என்று பிடுங்கி அடுப்போரம் வைப்பாய்.

நாலு வீட்டில் சமைத்துச் சமைத்துப் பழகிய உனக்கு, பிறர் கையால் உட்கார்ந்து சாப்பிடத் தெரியவில்லை. அந்த வீட்டுக்கார அம்மாள் உருளைக்கிழங்கை எடுத்தாலே, “நக்கோ பெஹன், நக்கோ! மைச் காட்தியூம்” என்று கத்தியை வாங்கிக்கொள்வாய். ‘சகோதரி, நானே நறுக்குகிறேன்’ என்று, நம் தெருவில் நீ கற்ற உருதுவில். வேண்டாம் என்பதற்கு இப்படி ஒரு சொல்லை அவள் கேட்டதே இல்லை; விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் அவள் தட்டில் நீ இன்னொரு ரொட்டி வைக்கப்போனபோது அவளே “நக்கோ, நக்கோ” என்றாள்.

ஊருக்குள் போனுக்கு டவர் இல்லை. பின்னால் இருந்த புல்மேட்டில் ஏறினால் மட்டும் கிடைத்தது. அங்கே வைத்துத்தான் தம்பி அழுதுகொண்டே சொன்னான், பரவிவிட்டது என்று. எதிரே சிகரங்கள் முழு வெயிலில் நின்றன. அவ்வளவு அழகு, அவ்வளவு அருகில், எதற்கும் உதவாமல் நின்றது.

பிறகு வேறு பாதையில் நான் போகவில்லை. தினமும் அதே மேடு. டாக்டரிடம் நாள் கேட்பேன், ஆபீஸில் லீவு கேட்பேன், தம்பியை அழாதே என்பேன். இறங்கி வந்து, பார்க்காத ஏரியைப் பற்றி உனக்குச் சொல்வேன். நீ தலையாட்டிக் கேட்டுக்கொண்டே ஷூவை எடுத்து அடுப்போரம் வைப்பாய்.

கடைசிக்கு முந்தைய நாள் மாலை, அடுப்பைப் பார்த்தபடியே சொன்னாய்: “மூணு நாளா ஷூ நனையவே இல்ல. அந்த மேட்டுலதான் டவர் கெடைக்கும்னு பெஹன் சொன்னா. என்ன ஏதுன்னு நான் கேக்கல. நாளைக்காவது எங்கனா போயி நனைச்சுட்டு வா. அதுக்குத்தானே வந்தோம்.”

போனேன். ஓடையைத் தாண்டி, பனி கிடந்த சரிவு வரை. காலியான டிபன் பாக்ஸில் உனக்காகப் பனியை அள்ளி வந்தேன். வீடு சேர்வதற்குள் கரைந்துவிட்டது. “கரைஞ்சா என்ன, மேலருந்து வந்த தண்ணிதானே” என்று முகத்தில் தடவிக்கொண்டாய். ஷூவைத் தொட்டுப் பார்த்து, “ம், இப்ப ஈரம்” என்றாய். அப்போதும் நான் சொல்லவில்லை. நீ கேட்கவில்லை.

ஆபீஸில் மலையேறக் கூப்பிடுகிறார்கள். முழங்கால் வலி என்று சொல்லிவிடுகிறேன். ஏறுவது எனக்கு எப்போதும் சிரமமாக இருந்ததில்லை. இறங்கி வந்தால் ஷூவைத் தொட்டுப் பார்க்க ஆள் இல்லை. நீ கேட்காமல் விட்ட கேள்வி என்னிடமே இருக்கிறது. அதை இறக்கிவைக்க இந்த ஊரில் இடம் கிடைக்கவில்லை.

பெங்களூர் வந்த மறுநாள் உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மருந்து ஏற்றினார்கள். ஆடி பிறக்குமுன் நீ இறந்துபோனாய்.